எலிக்கு லீவர் அமுக்கக் கத்துக்குடுக்கறது: அடிக்கடி கேக்கப்படுற கேள்விகள்

சைக்காலஜி படிக்கிற பசங்க, பி.எட் பண்றவங்க, நாய் ட்ரெயினிங் பக்கம் இருக்கறவங்கன்னு பலதரப்பட்ட ஆளுங்க ஒரே மாதிரி கேள்விங்களத்தான் கேக்கறாங்க, எல்லாம் ஓபரண்ட் கண்டிஷனிங் பத்தி, அதாவது ஒரு செயலுக்குப் பலன் குடுத்து அதப் பழக்கமாக்கறது. கனடாவுல ஒரு யூனிவர்சிட்டி லேப்ல டீச்சிங் அசிஸ்டென்டா நிஜ எலி, கம்ப்யூட்டர் எலி (திரையில ஓடற சாஃப்ட்வேர் எலி) ரெண்டோடயும் மாரடிச்சவன்ங்கறதால எனக்குத் தெரிஞ்சத இங்க போட்டுடறேன். தேவையான கேள்விக்கு நேரா போய்க்கலாம், வரிசையா படிக்கணும்னு இல்ல.

ஓபரண்ட் கண்டிஷனிங்னா பாவ்லோவ் நாய்தானே?

இல்லைங்க, அது வேற. பாவ்லோவோட நாய் எதுவும் செய்யத் தேவையில்ல, சத்தம் வரும், பின்னாடியே சாப்பாடு வரும், நாய் எச்சில் விட்டாலும் விடலன்னாலும் சாப்பாடு வந்துடும். இங்க எலி ஏதாவது ஒண்ணு செஞ்சாத்தான் பலன், செய்யலன்னா ஒண்ணும் கிடையாது. இதுக்கு விதை போட்டது எட்வர்ட் தார்ண்டைக், 1898ல பூனைங்கள கூண்டுக்குள்ள போட்டு அது தாழ்ப்பாள எப்படி தொறந்து வெளிய வருதுன்னு நேரம் குறிச்சவரு. ஆனா அவரு முறையில பூனை வெளிய வந்தா திரும்ப தூக்கி உள்ள போடணும், ஒவ்வொரு தடவையும். 1930கள்ல ஹார்வர்ட்ல பி.எஃப். ஸ்கின்னர்ங்கற சைக்காலஜி ஆராய்ச்சியாளர் செஞ்ச பெரிய மாத்தம் என்னன்னா எலிய எடுத்து வைக்கற வேலையே இல்ல, அது இஷ்டத்துக்கு எப்ப வேணா அமுக்கலாம், எத்தன தடவ வேணா அமுக்கலாம், அதனால நிமிஷத்துக்கு எத்தனன்னு வேகத்த அளக்க முடிஞ்சுது. கேக்க சின்ன விஷயம் மாதிரி இருக்கும், ஆனா பின்னாடி வர்ற கிராஃபெல்லாம் இந்த ஒரு மாத்தத்துலேந்து வந்ததுதான்.

எதுக்கு எலி? அதுவும் வெள்ளை எலி?

சின்னது, சாது, சீக்கிரம் பழகும், கையால ஒரு பொருள அமுக்கற உடம்பு வாகு அதுக்கு இருக்கு. வயசு வந்த ஆண் எலி 400 கிராம் பக்கம் இருக்கும், ரெண்டு மூணு வருஷம் வாழும். லேப் எலி பல தலைமுறையா மனுஷங்க மத்தியில வளர்ந்த ஜாதி, 1906லேந்து ஃபிலடெல்ஃபியா விஸ்டார் இன்ஸ்டிட்யூட்ல வளத்த விஸ்டார் வகையோட வாரிசுங்கதான் இன்னிக்கு நெறைய லேப்ல ஓடுது. நம்ம வீட்டு பரண் மேல ஓடற எலியோட இத ஒண்ணா நெனைக்காதீங்க. ஸ்கின்னர் அப்பறம் புறாவுக்கு மாறிட்டாரு, அது வேற கதை.

ஸ்கின்னர் பாக்ஸ்குள்ள என்னெல்லாம் இருக்கும்?

எலிய ட்ரெயின் பண்ற பெட்டிக்குத்தான் இந்தப் பேரு. உள்ள ஒரு லீவர் (அமுக்கற சின்ன கம்பி), அதுக்குப் பக்கத்துல சாப்பாடு விழற குழி, சின்ன லைட், ஸ்பீக்கர், கீழ கம்பித் தரை. பின்னாடி ஃபீடர், அதுலேந்து ஒரு தடவைக்கு ஒரு பெல்லட் (சின்ன தீனி உருண்டை), 45 மில்லிகிராம்தான். எல்லாத்தையும் சத்தம் வராத ஒரு பெட்டிக்குள்ள வச்சிருப்பாங்க, ஏன்னா நமக்குக் கேக்காத சத்தமெல்லாம் எலிக்குக் கேக்கும், பக்கத்துல இருக்கற ஏதாவது எலக்ட்ரானிக் சாமான் போடற கீச்சு சத்தமே அத நடுங்க வைக்கலாம். இன்னொண்ணு, எலிக்கு சிவப்பு சரியா தெரியாது. சிவப்பு லைட் எரிஞ்சா அமுக்கு, பச்சைன்னா அமுக்காதன்னு ப்ராஜெக்ட் போட்டுட்டு வர்றவங்க வருஷாவருஷம் உண்டு. லைட் எரியுது எரியலன்னு வச்சுக்கோங்க, இல்ல சத்தத்த வச்சு செய்யுங்க.

எலிய பட்டினி போடுவீங்களாமே?

நேரா சொல்றேன், ஆமா, ஒரு அளவுக்கு. வயிறு நெறஞ்ச எலி உங்க பெல்லட்ட மோந்து பாத்துட்டு மூலையில போய் மூஞ்சி தொடச்சிட்டு படுத்துக்கும். வழக்கமான முறை என்னன்னா தாராளமா சாப்புடும்போது எவ்ளோ எடை இருக்கோ அதுல 80லேந்து 85 சதவீதத்துல வச்சிருப்பாங்க. 400 கிராம் எலின்னா 340 கிராம். தினமும் எடை போட்டு நோட்ல எழுதணும், தண்ணி எப்பவும் இருக்கணும், செஷன் முடிஞ்சப்பறம் மீதி சாப்பாடு குடுக்கணும். வளர்ற வயசு எலின்னா அந்த 100 சதவீதம்ங்கற கணக்கையே அப்பப்ப ஏத்திக்கிட்டே போகணும், இத மறந்தா வளர வேண்டிய எலிய தெரியாமலே காயப்போட்டுட்டு இருப்பீங்க. இந்த இடத்துல மனசு ஒப்பாதவங்க இருக்காங்க, அதுல தப்பே இல்ல, கம்ப்யூட்டர் எலி வந்ததுக்கு ஒரு காரணமே அதுதான்.

மொத நாளே லீவர் கத்துக்குடுக்கலாமா?

வேண்டாம். மொதல்ல எலி உங்களுக்குப் பழகணும், நாலஞ்சு நாள் சும்மா கையில எடுத்து வச்சிருங்க, வால் நுனியப் புடிச்சு தூக்காதீங்க, உடம்புக்குக் கீழ கை குடுத்து தூக்குங்க. அப்பறம் பாக்ஸ்ல விட்டு ஃபீடர் சத்தத்துக்கு பழக்கணும், இதுக்குப் பேரு மேகசின் ட்ரெயினிங். நீங்க பட்டன அமுக்கினா ஃபீடர் டக்குன்னு ஒரு சத்தம் போடும், பெல்லட் விழும். எலி குழி பக்கம் இருக்கும்போது கொஞ்சம், தள்ளி இருக்கும்போது கொஞ்சம், விட்டு விட்டு குடுக்கணும். பாக்ஸோட எந்த மூலையில இருந்தாலும் சத்தம் கேட்ட ஒடனே குழிக்கு ஓடி வந்தா முடிஞ்சுதுன்னு அர்த்தம்.

இது ஏன் இவ்ளோ முக்கியம்னா, பெல்லட் எலி வாய்க்குப் போய் சேர ஒண்ணு ரெண்டு செகண்ட் ஆயிடும், அதுக்குள்ள எலி வேற நாலு வேல செஞ்சிருக்கும். அந்த டக் சத்தம்தான் "இப்ப செஞ்சியே, அதுக்குத்தான்"னு அந்த நொடியில சொல்லுது. நாய் ட்ரெயினிங்ல கிளிக்கர்னு டக்குன்னு சத்தம் போடற சின்ன கருவி வச்சிருக்காங்களே, அதே சமாச்சாரம்தான். இத அரைகுறையா விட்டுட்டு ஷேப்பிங்குக்கு (வேண்டிய செயல கொஞ்சம் கொஞ்சமா உருவாக்கறது) தாவுனவங்கதான் ரெண்டாவது வாரம் வந்து "சார் எலி சரியில்ல, மாத்திக் குடுங்க"ன்னு நிப்பாங்க.

ஷேப்பிங் எப்படி செய்யறது? படிப்படியா சொல்லுங்க.

படிப்படியா சொல்லலாம், ஆனா எலி படிப்படியா வராது, அத மனசுல வச்சுக்கோங்க.

கடைசியில வேண்டியது லீவர் அமுக்கறது. அது தானா நடக்கும்னு காத்திருந்தா மணிக்கணக்குல ஆகும். அதனால அதுக்கு கிட்டத்துல இருக்கற எதையாவது மொதல்ல புடிக்கறோம். லீவர் இருக்கற சுவர் பக்கம் தலை திரும்புச்சா, டக். அது நாலஞ்சு தடவ அடுத்தடுத்து வந்துச்சா, இனிமே தலை திருப்பினா மட்டும் போதாது, ஒரு அடி எடுத்து வைக்கணும். அப்பறம் லீவருக்கு கீழ மோந்து பாக்கணும். அப்பறம் லீவர் கிட்ட முன்னங்கால தூக்கி நிக்கணும். எலிங்க சுவரோரமா எழுந்து நிக்கறது சகஜம், எறங்கும்போது கை லீவர் மேல படும், ஒரு தடவ அழுத்திடும், அன்னிக்கு உங்களுக்கு பாதி வேல முடிஞ்சுது. அதுலேந்து லீவர் தொடாத எதுக்கும் குடுக்காதீங்க.

கஷ்டம் எங்க வருதுன்னா நேரத்துல. எலி லீவர தொட்டு, நீங்க பாத்து, யோசிச்சு, பட்டன் அமுக்கறதுக்குள்ள அது தலைய திருப்பியிருக்கும், அப்ப நீங்க கத்துக்குடுத்தது லீவர தொட்டுட்டு தலைய திருப்பிக்கறது. எலிய பொறுத்தவரைக்கும் நீங்க என்ன நெனச்சீங்கங்கறது கணக்குலயே இல்ல, எது நடந்தப்ப சத்தம் வந்துச்சோ அதுதான் கணக்கு. அதனால காரியம் முடியறதுக்காக காத்திருக்காம அது ஆரம்பிக்கும்போதே கை ரெடியா இருக்கணும், தோள் ஏறுதுன்னா அடுத்தது எழுந்து நிக்கப் போகுதுன்னு தெரியணும். அதுக்கு மொத அரைமணி நேரம் ஒண்ணுமே செய்யாம எலிய சும்மா பாத்துட்டு இருந்தாலே போதும், யாரும் செய்ய மாட்டாங்க.

ஒரு துணுக்கு. இப்படி கையால ஷேப் பண்றத ஸ்கின்னரே ரொம்ப லேட்டாத்தான் கண்டுபுடிச்சாரு. 1938ல அவரோட மொத புக்கு வந்துடுச்சு, ஆனா 1943ல, போர் நேரத்துல, மின்னியாபொலிஸ்ல ஒரு மாவு மில்லோட மாடியில புறாவ வச்சு ஏவுகணைய வழிநடத்த முடியுமான்னு ஆராய்ச்சி ஓடிட்டு இருந்துது. வேல இல்லாத ஒரு நாள் அவரும் ரெண்டு உதவியாளர்களும் ஒரு புறாவுக்கு மரப்பந்த மூக்கால தள்ளக் கத்துக்குடுத்தாங்க. புறா பந்த தள்ளட்டும்னு காத்திருந்து சலிச்சுப் போய், பந்த பாத்தாலே தீனின்னு குடுத்துப் பாத்திருக்காங்க, கொஞ்ச நிமிஷத்துல பந்து சுவத்துல மோதி மோதி வந்துச்சாம். அதுவரைக்கும் மெஷின் பாத்துக்கிட்ட வேலைய மனுஷன் கையும் கண்ணும் பாத்துக்கிட்டா எவ்ளோ வேகம்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சுது.

பாதியில நின்னுடுச்சு, லீவர் பக்கமே வரல. என்ன செய்ய?

ஒரு படி கீழ எறங்குங்க. முன்னாடி எது ஈஸியா செஞ்சுதோ அதுக்கு மறுபடி ரெண்டு மூணு குடுத்து சூடு ஏத்திட்டு மேல வாங்க. பெரும்பாலும் நீங்க ஒரேடியா ரெண்டு படி தாண்டியிருப்பீங்க. இல்லன்னா ஒரே படியில ரொம்ப நேரம் குடுத்து குடுத்து அதுலயே ஊற வச்சிருப்பீங்க. எலி மூலையில உறைஞ்சு போய் ஒக்காந்திருந்தா, புழுக்கை நெறைய போட்டிருந்தா அது பயம், அன்னிக்கு ட்ரெயினிங் கிடையாது, எடுத்து கூண்டுல விட்டுடுங்க. நல்லா ஓடி ஆடிட்டு பெல்லட்ட மட்டும் தொடலன்னா கூண்டுல யாரோ தீனி போட்டிருக்காங்க.

ஸ்னிஃபி, சைபர்ராட்னு சொல்றாங்களே, அதெல்லாம் என்ன?

ரெண்டுமே கம்ப்யூட்டர் எலி. ஸ்னிஃபி டொரான்டோ யூனிவர்சிட்டில உருவானது, டாம் ஆலோவே, ஜெஃப் கிரஹாம் இவங்கெல்லாம் சேந்து செஞ்சது, 1990களோட ஆரம்பத்துலயே வந்துடுச்சு. கிளாஸ்ல நூத்துக்கணக்குல பசங்க, ஆளுக்கு ஒரு எலின்னா காசும் கட்டுப்படியாகாது, மிருகங்களுக்கும் நல்லதில்லன்னுதான் யோசிச்சாங்க. திரையில ஒரு கார்ட்டூன் எலி சுத்தும், மோந்து பாக்கும், மூஞ்சி தொடைக்கும், எழுந்து நிக்கும், நீங்க கீபோர்ட தட்டினா பெல்லட். லீவர் மட்டும் இல்லாம எழுந்து நிக்கறது, மூஞ்சி தொடைக்கறதுன்னு வேற செயல்களையும் ஷேப் பண்ணலாம்.

சைபர்ராட் வேற மாதிரி. ராஜர் ரேன்னு ஒரு பேராசிரியர், ஃப்ளோரிடாவுல ரோலின்ஸ் காலேஜ், அவரு செஞ்சது. இதுல கார்ட்டூன் இல்ல, நிஜ எலிங்கள எடுத்த வீடியோ துண்டுங்க ஏகப்பட்டத சேத்து வச்சு, எலி அடுத்து என்ன செய்யும்னு கணக்கு போட்டு அதுக்கேத்த துண்ட ஓட்டும். கண்ணுக்கு நிஜ எலி மாதிரியே இருக்கும், அதனால எப்ப பட்டன் அமுக்கணும்ங்கற பழக்கம் வர்றதுக்கு இது கொஞ்சம் நல்லதுன்னு என் அபிப்ராயம்.

ஸ்னிஃபில எனக்குப் புடிச்சது அதோட மூளை ஜன்னல். எலி மனசுக்குள்ள சத்தத்துக்கும் சாப்பாட்டுக்கும் எவ்ளோ தொடர்பு ஏறியிருக்கு, லீவருக்கும் சத்தத்துக்கும் எவ்ளோன்னு பட்டையா காட்டும், அமுக்க அமுக்க ஏறறத கண்ணால பாக்கலாம். நிஜ எலிக்கு இப்படி ஒரு ஜன்னல் கெடையவே கெடையாது. ஆனா ஒண்ணு ஞாபகம் இருக்கட்டும், அது எலி மூளைக்குள்ள பாத்து வரைஞ்சது இல்ல, புக்குல இருக்கற தியரிய ப்ரோக்ராமா எழுதி அதையே திருப்பிக் காட்டறாங்க.

அப்ப கம்ப்யூட்டர் எலி மட்டும் போதுமா? நிஜ எலி தேவையா?

எதுக்குன்னு பொறுத்து. கிராஃப் படிக்க, ஷெட்யூல்னா (எப்ப பலன் குடுக்கறதுங்கற விதி) என்னன்னு புரிய, பரிட்சைக்கு, கம்ப்யூட்டர் எலி தாராளமா போதும், சொல்லப்போனா அதுதான் பெட்டர். நிஜ எலிக்கு வாரக்கணக்குல எடுக்கற விஷயத்த ஸ்னிஃபில வேகமா ஓட விட்டு ஒரு காபி குடிக்கற நேரத்துல பாத்துடலாம், தப்பு பண்ணா அழிச்சுட்டு புதுசா ஆரம்பிக்கலாம், எலிக்கும் ஒரு கஷ்டமும் இல்ல.

ஆனா கம்ப்யூட்டர் எலி தியரிக்கு எதிரா ஒரு நாளும் நடக்காது. அதுக்குள்ள போட்டு வச்சதுதான் வெளிய வரும். இந்தத் துறையோட பெரிய கண்டுபுடிப்புங்கள்ல சிலது எதிர்பாராம வந்தது. ஸ்கின்னர் 1956ல எழுதுன ஒரு கட்டுரையில அவரே சொல்றாரு: ஒரு நாள் ஃபீடர் அடைச்சுக்கிச்சு, எலி அமுக்கிக்கிட்டே இருக்கு, ஒண்ணும் விழல, திரும்பி வந்து எலி அமுக்கறத பதியற பேப்பர பாத்தா வேகம் கொறைஞ்சு கொறைஞ்சு ஒரு அழகான வளைவு. எக்ஸ்டிங்க்ஷனோட (பலன் நின்னா பழக்கம் மெல்ல அடங்கறது) அவரோட மொத கிராஃப் அதுதான். இன்னொரு சனிக்கிழமை மத்தியானம் பெல்லட் ஸ்டாக் கம்மியா இருந்துது. அப்பல்லாம் கடையில வாங்கறது இல்ல, மருந்துக்கடை மாத்திரை அச்சுல அவரே உருட்டணும், உருட்ட சோம்பல் பட்டு நிமிஷத்துக்கு ஒண்ணுதான்னு செட் பண்ணிட்டுப் போனாரு. எலி அமுக்கறத விடல, ஒரே சீரான வேகத்துல அமுக்கிட்டு இருந்துது. விட்டு விட்டு குடுத்தாலும் பழக்கம் நிக்கும்னு அப்படித்தான் தெரிஞ்சுது. ஸ்னிஃபில ஃபீடர் அடைச்சுக்காதுங்க.

இதவிட பெரிய அடி 1961ல வந்துது. கெல்லர் ப்ரெலண்ட், மரியன் ப்ரெலண்ட்னு ஒரு புருஷன் பொண்டாட்டி, ரெண்டு பேருமே ஸ்கின்னரோட ஸ்டூடன்ட்ஸ், கெல்லர் அந்த மாவு மில் மாடியில இருந்தவரு. படிப்ப விட்டுட்டு அமெரிக்காவுல விளம்பரத்துக்கும் கண்காட்சிக்கும் மிருகங்கள ட்ரெயின் பண்ற கம்பெனி வச்சாங்க. ரக்கூனுக்கு காச எடுத்து உண்டியல்ல போடக் கத்துக்குடுத்தாங்க, ஒரு காசு வரைக்கும் சரியா போச்சு, ரெண்டு காசுன்னா அது போடவே இல்ல, ரெண்டையும் வச்சு தேச்சுக்கிட்டே நிக்குது, உண்டியல்ல விட்டு விட்டு எடுக்குது. பன்னிக்கு மரக்காசு எடுத்துட்டு வரக் கத்துக்குடுத்தாங்க, மொதல்ல ஓடி ஓடி எடுத்துட்டு வந்துது, வாரங்கள் போகப் போக வழியில போட்டு மூக்கால மண்ண கிளறுது, திரும்ப தூக்கிப் போடுது. அதுக்கு தீனி கிடைக்கல, லேட் ஆகுது, ஆனாலும் செய்யுது. தியரிப்படி தீனி தராத செயல் செத்துப் போகணும். அது அந்த மிருகத்தோட பொறவி வழக்கம், சாப்பாடு தேடற வழக்கம், உள்ள புகுந்துடுச்சு. இத எந்த சாஃப்ட்வேர் எலிகிட்டயும் நீங்க மொத மொதல்ல கண்டுபுடிச்சிருக்க முடியாது.

என்ன கேட்டா, சாஃப்ட்வேர்ல ஆரம்பிங்க, வாய்ப்பு கெடைச்சா ஒரே ஒரு நிஜ எலிய ஷேப் பண்ணிப் பாருங்க. ரெண்டும் கெடைக்கலன்னா வீட்டு நாய், கிளி, கோழி ஏதாவது.

அந்த படிக்கட்டு மாதிரி கிராஃப எப்படி படிக்கறது? எஃப்ஆர், விஐ எல்லாம் குழப்புது.

அது கியூமுலேட்டிவ் ரெக்கார்ட். பேப்பர் ஒரே வேகத்துல நகந்துட்டே இருக்கும், எலி ஒவ்வொரு தடவ அமுக்கும்போதும் பேனா ஒரு துளி மேல ஏறும், எறங்கவே எறங்காது. அதனால கோடு செங்குத்தா இருந்தா வேகமா அமுக்குது, படுத்துட்டா சும்மா இருக்கு. குறுக்க சின்ன கீறல் இருந்தா அங்க பெல்லட் விழுந்துச்சு. பேனா மேல முட்டினா டப்புனு கீழ வந்து திரும்ப ஆரம்பிக்கும், அத பாத்து எலி நிறுத்திடுச்சுன்னு எழுதாதீங்க.

அடிப்படை ஷெட்யூல் நாலுதான், ரெண்டு கேள்வி கேட்டா போதும்: எண்ணிக்கைக்கா நேரத்துக்கா, நிலையானதா மாறறதா. எஃப்ஆர் (ஃபிக்ஸட் ரேஷியோ, நிலையான எண்ணிக்கை) 10னா சரியா பத்து அமுக்கினா ஒண்ணு, வாங்கித் தின்னுட்டு கொஞ்சம் ரெஸ்ட், திரும்ப ஒரே ஓட்டமா பத்து. விஆர் (வேரியபிள் ரேஷியோ, மாறற எண்ணிக்கை) 10னா சராசரியா பத்து, சில தடவ மூணுல கெடைக்கும் சில தடவ இருபதுல, அதனால ரெஸ்ட்டே எடுக்காம ஓடும், காசு போட்டு ஆடற சூதாட்ட மெஷின் வேல செய்யற முறை இதுதான். எஃப்ஐ (ஃபிக்ஸட் இன்டர்வல், நிலையான நேரம்) 60னா 60 செகண்ட் கழிஞ்சப்பறம் வர்ற மொத அமுக்கலுக்கு ஒண்ணு, அதுக்கு முன்னாடி எவ்ளோ அமுக்கினாலும் வேஸ்ட். எலி இத மெதுவா புரிஞ்சுக்கிட்டு ஆரம்பத்துல சும்மா இருந்துட்டு நேரம் நெருங்க நெருங்க வேகம் புடிக்கும், கோடு வளைஞ்சு வளைஞ்சு வரும். விஐல (வேரியபிள் இன்டர்வல்) நேரம் மாறிட்டே இருக்கும், அதனால மெதுவா, சீரா, நேர்கோடு. மருந்து ஆராய்ச்சியில விஐ அதிகமா யூஸ் ஆகறது இதனாலதான், சீரான கோட்டுல சின்ன மாத்தம் வந்தாக்கூட தெரிஞ்சுடும். ஃபெர்ஸ்டரும் ஸ்கின்னரும் 1957ல போட்ட புக்கு முழுக்க இந்த மாதிரி கோடுங்கதான், பாத்தா தல சுத்தும்.

நிஜ எலியில அந்த எஃப்ஐ வளைவு புக்குல இருக்கற மாதிரி ரெண்டு செஷன்ல வராது. வரலன்னா உங்க தப்பு இல்ல, நாள் பத்தல.

நேரா எஃப்ஆர் 50க்கு தாவாதீங்க. 1, 2, 5, 10னு ஏத்துங்க, இல்லன்னா எலி கைய விட்டுட்டு ஒக்காந்துடும்.

பெல்லட் நிறுத்தினப்பறம் எலி இன்னும் வேகமா அமுக்குது. ஏதாவது கோளாறா?

கோளாறே இல்ல, எக்ஸ்டிங்க்ஷன் ஆரம்பிச்சா மொதல்ல அப்படித்தான் எகிறும், லீவர கடிக்கும், ஓங்கி அழுத்தும். மளிகைக்கடை வாசல்ல மிட்டாய் வாங்கித் தரலன்னு சொன்ன ஒடனே குழந்த கொரல ஏத்துமே, அதே கதை. அந்த நேரத்துல மனசு எளகி ஒண்ணு குடுத்துட்டா இனிமே அந்த உச்சத்துக்குத்தான் பலன்னு கத்துக்குடுத்துட்டீங்க. விட்டுட்டா மெல்ல கொறைஞ்சு நின்னுடும். மறுநாள் பாக்ஸ்ல போட்டா திரும்ப கொஞ்சம் அமுக்கும், செஞ்ச வேல வீணாப் போச்சுன்னு நெனைக்காதீங்க, அதுவும் வழக்கம்தான், மறுபடி அடங்கும். எப்பவும் ஒவ்வொரு அமுக்கலுக்கும் வாங்கின எலி சீக்கிரம் நிறுத்தும், விட்டு விட்டு வாங்கின எலி லேசுல நிறுத்தாது. பசங்க ரிப்போர்ட்ல இத தலைகீழா எழுதுவாங்க, ஏன்னா அதிகமா குடுத்தா அதிகமா நிக்கும்னு மனசுக்குத் தோணுது.

நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்னா தண்டனைதானே?

இல்ல, இல்ல, இல்ல. ரீஇன்ஃபோர்ஸ்மென்ட்னாலே அந்தச் செயல் அதிகமாகணும். நெகட்டிவ்னா ஏதோ ஒண்ண எடுத்துடறோம். கார்ல சீட் பெல்ட் போடற வரைக்கும் கீங் கீங்னு கத்துது, போட்டா நின்னுடுது, அதனால போடறோம், அது நெகட்டிவ் ரீஇன்ஃபோர்ஸ்மென்ட். தண்டனைன்னா செயல் கொறையணும். பரிட்சையில இந்த ஒரு கேள்வியில மார்க் போறது அநியாயம்.

ஸ்னிஃபில ஷாக் பட்டன் இருக்கு, அமுக்கிப் பாருங்க, கார்ட்டூன்தான். கோர்ஸ் லேப்ல நிஜ எலிக்கு ஷாக் குடுத்து சொல்லித்தர்றதுக்கு எனக்கு ஒரு நியாயமும் தெரியல, சாஃப்ட்வேர் நல்லா செய்யற வேல அது.

எங்களுக்கு மக்கு எலி வந்துடுச்சு. மாத்த முடியுமா?

இந்தக் கேள்விக்காகவே ஒரு ஆராய்ச்சி இருக்கு. 1963ல ராபர்ட் ரோசென்தாலும் ஃபோடும் 12 ஸ்டூடன்ட்ஸ்கிட்ட ஆளுக்கு 5 எலி குடுத்தாங்க, பாதி பேருகிட்ட இது புத்திசாலி வம்சம்னும் மீதி பேருகிட்ட இது மக்கு வம்சம்னும் சொன்னாங்க. எல்லாம் ஒரே சாதாரண எலிங்கதான், பேரு மட்டும் குருட்டாம்போக்குல ஒட்டினது. புத்திசாலின்னு சொன்ன எலிங்க நெஜமாவே நல்லா கத்துக்கிச்சு. அந்த ஸ்டூடன்ட்ஸ் தங்க எலிய அதிகமா கையில எடுத்தாங்க, பாசமா பாத்துக்கிட்டாங்க. அடுத்த வருஷம் ரோசென்தாலும் லாசனும் ஸ்கின்னர் பாக்ஸ்லயே இத செஞ்சு பாத்தாங்க, அதுலயும் புத்திசாலின்னு பேரு வாங்கினதுங்கதான் மேல. அதனால மாத்தித் தர மாட்டேன். கம்ப்யூட்டர் எலிகிட்ட நீங்க என்ன நெனச்சாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது, நிஜ எலிக்கு ஆகும்.

இந்தியாவுல காலேஜ்ல நிஜ எலி வச்சு செய்யலாமா? வீட்ல?

காலேஜ்னா 1960 மிருகவதை தடுப்புச் சட்டத்துக்குக் கீழ வர்ற கமிட்டிகிட்ட பதிவு பண்ணணும், காலேஜ்குள்ள எத்திக்ஸ் கமிட்டி ஒப்புக்கணும், சும்மா பெட் ஷாப்ல வாங்கிட்டு வந்து பட்டினி போட முடியாது. அந்தச் சட்டத்துக்கு வழி போட்டது நம்ம ருக்மிணி தேவி அருண்டேல், கலாக்ஷேத்ரா நடத்தினாங்களே அவங்கதான், ராஜ்யசபாவுல தனிநபர் மசோதாவா கொண்டுவந்தாங்க. வேடிக்க என்னன்னா அமெரிக்காவோட அனிமல் வெல்ஃபேர் ஆக்ட்ல ஆராய்ச்சிக்குன்னு வளக்கற எலிங்க சேத்தியே இல்ல, அங்க வேற விதிங்க வழியா பாத்துக்கறாங்க. கனடாவுல ஒவ்வொரு யூனிவர்சிட்டிலயும் கமிட்டி உண்டு, "இத எலி இல்லாம சொல்லித்தர முடியாதா"ன்னுதான் மொத கேள்வியே வரும்.

வீட்ல செல்லமா வளக்கற எலின்னா கிளிக்கரும் வேகவச்ச பட்டாணியும் போதும், பட்டினி கிட்டினின்னு எறங்காதீங்க, சாயங்காலம் அது சுறுசுறுப்பா இருக்கற நேரத்துல பத்து நிமிஷம் செய்யுங்க. சாக்கடை எலிய, வீட்டு எலிய புடிச்சு செய்யறேன்னு கெளம்பாதீங்க, எலிக்காய்ச்சல் வரும்.

இத கத்துக்கிட்டு என்ன பிரயோஜனம்?

ஆட்டிசம் குழந்தைங்களோட வேல செய்யற தெரபிஸ்ட், மிருக ட்ரெயினர், மருந்து கம்பெனி ஆராய்ச்சின்னு பல எடத்துல இது அடிப்படை. எனக்குப் புடிச்ச உதாரணம் அபோபோ (APOPO), டான்சானியாவுல மொரோகோரோல எலிங்களுக்கு கண்ணிவெடி மோப்பம் கத்துக்குடுக்கற அமைப்பு. ஆப்பிரிக்க பெரிய பை எலி, லேப் எலி இல்ல, ஆனா முறை அதேதான்: கிளிக் சத்தம்னா தீனி, அப்பறம் வெடிமருந்து வாசன வந்தா கிளிக், மத்த வாசனைக்கு ஒண்ணும் இல்ல. எடை கம்மிங்கறதால மேல நடந்தாலும் வெடிக்காது. மகாவான்னு ஒரு எலி கம்போடியாவுல வேல செஞ்சு நூத்துக்கும் மேல கண்ணிவெடியும் வெடிக்காத குண்டும் கண்டுபுடிச்சுது, 2020ல பிரிட்டன்ல மிருகங்களுக்குக் குடுக்கற தங்கப் பதக்கம் வாங்கிச்சு, அத வாங்கின மொத எலி அதுதான். சளிய மோந்து டிபி கண்டுபுடிக்கவும் இதே அமைப்பு எலிங்கள ட்ரெயின் பண்றாங்க.

கோர்ஸ் முடிஞ்சப்பறம் எலி என்ன ஆகும்?

எடத்துக்கு எடம் வேற. சில எடத்துல வேற ஆராய்ச்சிக்குப் போகும், சில எடத்துல ஸ்டூடன்ட்ஸ் வீட்டுக்கு எடுத்துட்டுப் போக விடுவாங்க, சில எடத்துல கொன்னுடுவாங்க. கோர்ஸ்ல சேர்றதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க, கேக்க வெக்கப்பட வேண்டிய விஷயம் இல்ல.

கடிச்சா?

சோப்பு போட்டு ஓடற தண்ணியில நல்லா கழுவுங்க, லேப் இன்சார்ஜ்கிட்ட சொல்லுங்க, டாக்டர பாருங்க, டெட்டனஸ் ஊசி எப்ப போட்டதுன்னு அவரு கேப்பாரு. எலிய திட்டாதீங்க, விரல்ல தீனி வாசன இருந்திருக்கும், அடுத்த தடவ கை கழுவிட்டு எடுங்க.